ஓய்வு பெறுவது எப்படி? கள்ளக்குறிச்சி மாவட்டத்தாருக்கு ஒரு செயல்முறை விளக்கம்

அரசு வேலையில் சேரப் பயிற்சி வகுப்பு உண்டு. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தால் குரூப் 2, குரூப் 4, காவலர் தேர்வு என்று பலகை பலகையாகத் தொங்கும். அந்த வேலையை விட்டு வெளியே வரத்தான் வகுப்பு இல்லை. தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020 மே மாதம் 58இலிருந்து 59 ஆனது. 2021 பிப்ரவரியில் 60 ஆனது. பாடம் படிக்க இப்படி இரண்டு வருடம் கூடுதலாகக் கிடைத்தும் ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை.

ஜெர்மனிக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. பிஸ்மார்க் 1889இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தபோது தகுதி வயது 70. பெரும்பாலான தொழிலாளிகள் அந்த வயதைப் பார்க்கவே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு பொழுதை எப்படிப் போக்குவது என்ற கேள்வியைச் சட்டமே தீர்த்துவைத்தது. நாமோ அறுபதில் வெளியே வந்து எண்பது தாண்டியும் நாளிதழை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். எனவே இந்த வழிகாட்டி.

தேவையான பொருட்கள்

பணிப் பதிவேடு: ஒன்று. எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்து இருக்க வேண்டும். 1994இல் எடுத்த ஈட்டா விடுப்பு ஒன்று பதிவாகாமல் இருக்கும். அதை இப்போதே தேடத் தொடங்கவும்.

சால்வை: பன்னிரண்டுக்குக் குறையாமல். அடுத்தடுத்து ஓய்வு பெறுகிறவர்களுக்குத் திருப்பிப் போர்த்த உதவும். மாவட்டத்தில் சுற்றிவரும் சால்வைகளில் பலவும் உங்களுக்கு மூத்தவை.

பெயர்ப்பலகை: ஒன்று, மரத்தில். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பலகையை வெளியூரில் செய்வது மாவட்டத்துக்குச் செய்கிற துரோகம்.

மனைவி: ஒருவர். ஏற்கெனவே வீட்டில் இருப்பார். இந்த வழிகாட்டி ஆண்களுக்கானது. பெண் ஊழியர்கள் ஓய்வு பெறும் முறை எளிது: இரண்டு வேலையில் ஒன்று குறையும், மற்றது அப்படியே இருக்கும்.

படி 1: கடைசி நாளைக் கடந்து வீடு சேருங்கள்

பணியின் கடைசி நாள் மாலை ஐந்தே முக்காலுக்கு இடைநீக்க ஆணை வந்து சேர்வது நம் அரசு வட்டாரத்தில் பழைய வழக்கம். முப்பத்தைந்து வருடம் யார் கண்ணுக்கும் படாத குற்றம் அன்று மாலையில்தான் கண்ணுக்குப் படும். ஓய்வு பெறும் நாளில் இப்படி இடைநீக்கம் செய்யும் வழக்கம் தவிர்க்கப்படும் என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அறிவித்ததால் அப்படி ஒரு வழக்கம் இருந்தது உறுதியானது. எப்படியும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கைபேசியை அணைத்து வைப்பது நல்லது.

பிரிவுபசார விழாவில் பேசுகிறவர்கள், நீங்கள் இல்லாமல் அலுவலகம் எப்படி நடக்கும் என்று கவலைப்படுவார்கள். குரல் தழுதழுக்கும். நம்ப வேண்டாம். மறுநாள் காலை உங்கள் நாற்காலியில் பூத்துண்டு விரித்து வேறொருவர் உட்கார்ந்திருப்பார். போய்ச் சரிபார்க்கவும் வேண்டாம். போனால், "வாங்க சார், டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்பார்கள். இதே அலுவலகத்தில் இத்தனை வருடமாக அந்தக் கேள்வியைப் பிறரிடம் கேட்டவர் நீங்கள். அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியாததல்ல.

ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு சலுகை. கல்வியாண்டின் நடுவில் வயது முடிந்தால் ஆண்டுக் கடைசி வரை மறுநியமனம் கிடைக்கும். பிரிவுபசாரம் முடிந்த பிறகும் மறுநாள் அதே வகுப்பில் அதே கரும்பலகை முன்னால் நிற்கலாம். மாணவர்கள் குழம்பமாட்டார்கள். நீங்கள் போகிறீர்கள் என்பதை அவர்கள் முதலிலேயே நம்பியிருக்கமாட்டார்கள்.

படி 2: பதவியைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துவாருங்கள்

நாற்காலி, மேசை, மின்விசிறி எல்லாம் அரசுச் சொத்து. பதவிப் பெயரை மட்டும் எடுத்து வரலாம், கூடவே ஓர் அடைப்புக்குறி. 'தலைமையாசிரியர் (ஓய்வு)', 'துணை வட்டாட்சியர் (ஓய்வு)'. பெயர்ப்பலகையில் பதவியைப் பெரிய எழுத்தில் பொறிக்கவும். அடைப்புக்குறியைத் தச்சர் எவ்வளவு சிறிதாகச் செதுக்க முடியுமோ அவ்வளவு சிறிதாகச் செதுக்கச் சொல்லவும்.

அடுத்த இருபது ஆண்டுக்கான கல்யாணப் பத்திரிகைகளுக்கு இந்தப் பெயர் தேவைப்படும். சொந்தக்காரர் யாராவது ஓய்வை விட்டுவிட்டு வெறும் பதவியை அச்சிட்டுவிட்டால் திருத்தச் சொல்லிக் கேட்காதீர்கள். பதவியை விட்டுவிட்டு வெறும் பெயரை அச்சிட்டால் அந்தக் கல்யாணத்துக்குப் போகாதீர்கள். நம் மாவட்டத்தில் பெரும்பாலான குடும்பப் பகைகள் இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன என்று சொல்ல என்னிடம் புள்ளிவிவரம் இல்லை. பத்திரிகைகள்தான் இருக்கின்றன.

படி 3: உயிரோடு இருப்பதை மெய்ப்பியுங்கள்

ஆண்டுக்கு ஒருமுறை கருவூல நேர்காணல். நீங்கள் உயிரோடிருப்பதை நீங்களே நேரில் சென்று சொல்ல வேண்டும். முடியாதவர்களுக்கு 2014இல் வந்த ஜீவன் பிரமாண் திட்டம் இருக்கிறது. விரல் ரேகை வைத்தால் போதும். தபால்காரர் வீட்டுக்கே கருவியோடு வருவார், 70 ரூபாய் கட்டணம். ரேகை தேய்ந்திருந்தால் கருவி உங்களை ஒப்புக்கொள்ளாது. அப்போது தபால்காரரிடம் கோபப்படாமல் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கவும்.

எவ்வளவு காலம் உயிரோடிருக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை மொத்தத் தொகையாக முன்கூட்டியே வாங்கியிருந்தால் பதினைந்து ஆண்டு பிடித்தம் நடக்கும். முழு ஓய்வூதியம் பார்க்க 75 வரை இருந்தாக வேண்டும். 80 ஆனால் 20 சதவீதம் கூடுதல். 85க்கு 30. 90க்கு 40. 95க்கு 50. நூறு வயதானால் ஓய்வூதியம் இரட்டிப்பு. பணிக்காலத்தில் பதவி உயர்வுக்காக யார் யார் காலையோ பிடித்திருப்பீர்கள். இந்தப் பதவி உயர்வுகளுக்கு அதெல்லாம் வேண்டாம், மூச்சு விட்டால் போதும்.

(2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்கள் மேலே உள்ள பத்தியைக் கதையாகப் படித்துக்கொள்ளவும். பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் மாட்டியவர்கள் இந்தப் படியின் தொடக்கத்தில் நின்றுகொண்டு இருபது வருடத்துக்கு மேல் கோஷம் போட்டிருக்கிறார்கள்.)

படி 4: வீட்டு நிர்வாகத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்

இரண்டாவது வாரம் முதல் வீட்டில் நிர்வாகக் குறைபாடுகள் தென்படும். பருப்பு டப்பா இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. காஸ் சிலிண்டர் பதிவுக்கு முறையான பேரேடு இல்லை. இத்தனை நாள் வீடு எப்படி நடந்தது என்று வியப்பாக இருக்கும். ஒரு குயர் நோட்டு வாங்கி, கட்டம் போட்டு, காலை 11 மணி, பிற்பகல் 3 மணி ஆகிய வேளைகளில் டீ வழங்கப்பட வேண்டும் என்று குறிப்பாணை தயாரித்து மனைவியிடம் கொடுங்கள்.

"ஏங்க, எங்கயாவது வெளிய போயிட்டு வாங்களேன்" என்பார். இதை ஆலோசனையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆணை அது.

கோபம் தணிந்தபின் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு ஓய்வு வந்த தேதியில் அவருக்கு வேலை கூடியிருக்கிறது: மதியச் சாப்பாடு, இரண்டு டீ, ஓயாத பேச்சு. அவருக்கு ஓய்வு வயது எந்த ஆணையிலும் இல்லை. பெண்களின் கூலியில்லா வீட்டு உழைப்புக்கு அங்கீகாரம் என்று சொல்லி அரசு 2023 செப்டம்பர் 15இல் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியது. உங்களுக்கு ஓய்வூதியம் வருவதால் அவருக்கு அது கிடையாது. அவர் பெயருக்கென்று ஓய்வூதியம் ஒன்று உண்டு, அதன் பெயர் குடும்ப ஓய்வூதியம், கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அது நீங்கள் போன மறுநாள் தொடங்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று மணி டீயை நீங்களே போடுவது உடம்புக்கு நல்லது.

படி 5: ஏதாவது ஒன்றுக்குத் தலைவராகுங்கள்

வெளியே போகச் சொன்னபடி வெளியே வந்தாயிற்று. நான்குமுனைச் சந்திப்பில் நின்று நாலு பக்கமும் பாருங்கள். எந்தப் பக்கம் போனாலும் ஒரு சங்கம் இருக்கும். ஓய்வூதியர் சங்கம் ஒன்று, அதிலிருந்து பிரிந்தது ஒன்று, இரண்டையும் சேர்க்க ஒருங்கிணைப்புக் குழு ஒன்று. தலைவர் பதவி நிரம்பியிருந்தால் கௌரவத் தலைவர், ஆலோசகர், சட்ட ஆலோசகர். எதுவும் இல்லையென்றால் தெருப் பிள்ளையார் கோயில் திருப்பணிக் குழு இருக்கிறது. பிள்ளையார் ஆட்சேபம் சொல்லமாட்டார்.

மனைத் தரகு இன்னொரு வழி. உங்கள் முதல் வாடிக்கையாளர் உங்களைப் போலவே பணப்பலன் வாங்கிக்கொண்டு வந்த இன்னொரு ஓய்வூதியர். அவரும் தரகுக்குத்தான் வந்திருப்பார் என்பதால் இருவரும் ஒரே மனையை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நடக்கலாம். சர்க்கரை அளவு குறையும்.

இதெல்லாம் ஒத்துவராதவர்களுக்கு மாவட்டத்தின் மிகப் பழைய முறை ஒன்று உண்டு. திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுக்குள் ஒரு பாறை இருக்கிறது, கபிலர் குன்று என்பார்கள். நண்பன் பாரி போன பிறகு அவன் மகளிரைக் கரைசேர்க்கும் பொறுப்பைக் கபிலர் ஏற்றார். அது முடிந்ததும் உயிரை விட்டார். வடக்கிருந்தார் என்று ஒரு மரபு, தீப்புகுந்தார் என்று ஒரு மரபு. பொறுப்பு முடிந்த அன்றே கணக்கை முடித்துக்கொண்டார், பணி நீட்டிப்பு கேட்கவில்லை. வாசகர்கள் இந்த முறையைப் பின்பற்ற வேண்டாம். பாறையைப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

படி 6: மலையில் இரண்டு ஏக்கர் பாருங்கள்

ஓய்வுபெற்ற எவருக்கும் ஆறாவது மாதத்தில் இயற்கை மீது காதல் வரும். கச்சிராயப்பாளையம் வழியாக வெள்ளிமலை பஸ் ஏறுங்கள். கோமுகி அணையைத் தாண்டியதும் மலை தொடங்கும். கொண்டை ஊசி வளைவுகளில் சன்னலோரம் காற்று முகத்தில் அடிக்கும்போது, 'இங்கே ஒரு ரெண்டு ஏக்கர், ஒரு சின்ன வீடு, நாலு மிளகுக் கொடி' என்று தோன்றும். கல்வராயன் மலைக்கு ஏறும் பணப்பலன்கள் எல்லாவற்றுக்கும் இப்படித் தோன்றுவதுதான்.

வாங்க முடியுமா? மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. மலைவாழ் மக்களுக்கு அரசு ஒப்படைத்த நிலத்தை மற்றவர்கள் வாங்குவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் மரவள்ளியும் போட்டு வருகிற பலருக்கே பட்டா இல்லை. ஆகவே இரண்டு ஏக்கர் ஆசையைக் கரியாலூர்ப் படகுக் குழாமில் அரை மணி நேரம் சுற்றித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இறங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. பாதையோரம் பாறை மேல் சாமைக் கதிரைக் காயப்போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருக்கிற பெரியவர் ஒருவரைக் கண்டிப்பாகப் பார்ப்பீர்கள். பேச்சுக் கொடுங்கள். பேச்சு ஏறத்தாழ இப்படிப் போகும்:

"பெரியவரே, வயசு என்ன ஆகுது?"

"ஆதாருல எழுவத்திரெண்டு போட்டிருக்குதுங்க ஐயா."

"பிறந்த தேதி?"

"சனவரி ஒண்ணு. எங்க ஊருல பாதிப் பேரு அன்னைக்குத்தான் பொறந்தோம்."

"இந்த வயசுலயும் வேலையா? எப்ப ரிட்டயர் ஆவீங்க?"

"எதுலேர்ந்துங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். உங்களிடம் பதில் இருக்காது. அடுத்த படிக்குப் போகவும்.

படி 7: ஒரு பணிப் பதிவேடு எழுதிப் பழகுங்கள்

இது வீட்டுப்பாடம். பேருந்தில் இறங்கும்போதே எழுதலாம். உங்களுக்குத் தெரிந்த ஒரே கலை பதிவேடு எழுதுவது. அந்தப் பெரியவர் பெயரில் ஒன்று எழுதிப் பாருங்கள்.

முதல் நியமனம்: ஆடு மேய்த்தல், எட்டு வயதில். நியமன ஆணை: அம்மா போட்ட சத்தம். பதவி உயர்வு: ஏர் பிடித்தல், பிறகு கடுக்காய், புளி, தேன் சேகரிப்பு. இடமாறுதல்: பருவம்தோறும் கர்நாடகத்துக் காப்பித் தோட்டம், கேரளத்து மிளகுத் தோட்டம், திரும்பி வரும் வழியில் சமவெளியில் கரும்பு வெட்டு. ஈட்டிய விடுப்பு: இல்லை. மருத்துவ விடுப்பு: நடக்க முடியாத நாட்கள். மேலதிகாரி: 1976 வரை ஜாகிர்தார், அதன் பிறகு மழை.

இந்த 1976 உண்மையான ஆண்டு. நாடு விடுதலை பெற்று 29 வருடம் கழித்துத்தான் கல்வராயன் மலை ஜாகிர்தார்கள் கையிலிருந்து அரசின் கைக்கு வந்தது. பெரியவருக்கு அப்போது ஆதார்க் கணக்கில் இருபத்திமூன்று வயது. அதற்கு முன்னால் செய்த வேலைக்கு எந்த அலுவலகத்தில் போய்ப் பதிவு கேட்பது?

அவர் பெயர் ஒரு வருகைப் பதிவேட்டில் முதன்முதலாக ஏறியிருக்கக்கூடிய இடம் நூறு நாள் வேலை. 2006 பிப்ரவரியில் முதல் கட்டமாகத் திட்டம் தொடங்கிய மாவட்டங்களில் அன்றைய விழுப்புரமும் ஒன்று, மலை அப்போது அதற்குள் இருந்தது. எட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு முதல் வருகைப் பதிவு ஐம்பத்திமூன்றாம் வயதில். உங்கள் பதிவேட்டில் விட்டுப்போன ஒரு ஈட்டா விடுப்புக்காக ஏ.ஜி. ஆபீஸுக்கு, தேனாம்பேட்டைக்கு, நீங்கள் எழுதிய கடிதங்களை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

எழுதி முடித்ததும் ஒன்று புரியும். வேலை செய்தவர்கள் எல்லாரும் ஓய்வு பெறுவதில்லை. வேலை எங்காவது எழுதிவைக்கப்பட்டவர்கள்தான் ஓய்வு பெறுகிறார்கள். உங்கள் மனைவிக்கு ஓய்வில்லாததும் இதனால்தான். நீங்கள் அடைப்புக்குறியைச் சுமந்துகொண்டு சங்கம் சங்கமாக அலைவதும் இதனால்தான்: எழுதப்படாத வேலை வேலையே அல்ல என்று முப்பத்தைந்து வருடம் பழகியாயிற்று. இப்போது எதிலும் உங்கள் பெயர் எழுதப்படாததால், நீங்களே இல்லையோ என்று பயமாக இருக்கிறது.

படி 8: கூட்டல் கழித்தல்

இனிக் கொஞ்சம் எண்கள். மாவட்டத்தில் மூன்று முதியவர்களை ஒரே பெஞ்சில் உட்காரவையுங்கள்.

முதலாமவர் நீங்கள். பழைய திட்டத்தில் கடைசிச் சம்பளத்தில் பாதி, அதற்கு மேல் அகவிலைப்படி.

இரண்டாமவர் ஆலைத் தொழிலாளி. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயப்பாளையம் என்று சர்க்கரை ஆலைகளைச் சுற்றி வாழ்கிற நம் மாவட்டத்தில் இவரைத் தேட வேண்டியதில்லை. இவருக்கு 58 வயதில் பி.எஃப். ஓய்வூதியம். சூத்திரம் எளிது: கணக்கில் எடுக்கும் சம்பளத்தைப் பணியாண்டால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு வாங்கியிருந்தாலும் 15,000க்கு மேல் பொதுவாகக் கணக்கில் வராது. 35 வருடம் முழுதாக உழைத்தாலும் மாதம் 7,500. குறைந்தபட்சம் என்று 2014 செப்டம்பரில் வைத்த தொகை 1,000. அகவிலைப்படி என்ற சொல் இவர் காதில் விழுவது உங்கள் சங்கக் கூட்டத்தின் ஒலிபெருக்கியில் மட்டும்.

மூன்றாமவர் மலைப் பெரியவர். முதியோர் உதவித்தொகை. தமிழ்நாட்டில் 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கி, 2023இல் 1,200 ஆனது. வாங்குவதற்கு ஆதரவற்றவர் என்று மெய்ப்பிக்க வேண்டும். மகன் இருக்கிறானே என்று கேட்பார்கள். மகன் கூர்க்கில் மிளகு பறித்துக்கொண்டிருப்பான், அவன் பிள்ளைகளைப் பெரியவர்தான் பார்த்துக்கொண்டிருப்பார். யார் யாருக்கு ஆதரவு என்று கேட்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

மலைக்காரர்கள் சாகும்வரை சுறுசுறுப்பாக இருக்கிறார்கள், அதுதான் ஆரோக்கியத்தின் ரகசியம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். அதை அனுப்பியவர் படி 2இல் பலகை மாட்டியவராக இருப்பார். முன்னனுப்பாதீர்கள். மாதம் 1,200 ரூபாயில் ஒரு மனிதர் உட்கார்ந்து ஓய்வெடுக்க முடியாது. அவர் பாறை மேல் உட்கார்ந்திருப்பது யோகப் பயிற்சி அல்ல.

ஆனாலும் அவரிடம் கற்க ஒன்று இருக்கிறது. ஏர் கனத்தபோது ஏரை மகனிடம் கொடுத்தார், விதைப் பொறுக்கலை வைத்துக்கொண்டார். காட்டுக்கு நடக்க முடியாதபோது அதை விட்டுவிட்டுக் களத்துக் காவலுக்கு வந்தார். கண் மங்கினால் பேரப்பிள்ளைக்குக் கதை சொல்வார். ஒவ்வொரு வேலையையும் கையிலிருந்து இறக்கிவைக்கும்போது அடுத்து எடுக்க ஒரு சின்ன வேலை பக்கத்திலேயே இருந்தது. அதற்கு விழா எடுக்கவில்லை, சால்வை போர்த்தவில்லை. நேற்று வரை ஏர் பிடித்தவர் என்று வாசலில் பலகை மாட்டவும் இல்லை. உங்களுக்கு எல்லாம் ஒரே மாலையில் முடிந்தது. அவருக்கு உங்கள் பாதிச் சம்பளம் வேண்டும். உங்களுக்கு அவருடைய கைமாற்றும் முறை வேண்டும்.

படி 9: உண்மையாக ஓய்வு பெறுங்கள்

இனித்தான் செயல்முறை. பலகையைக் கழற்றவும். உடைக்க வேண்டாம், நல்ல மரம், அலமாரிக்குத் தட்டாகும்.

பிறகு உங்களிடம் மிச்சம் இருக்கிற திறமையைப் பாருங்கள். தோட்டவேலை தெரியாது, சமையல் தெரியாது, கண்டிப்பாக யோகாசனம் வராது. ஆனால் எந்த மனு எந்த மேசைக்குப் போகும், எந்தச் சான்று இல்லையென்றால் எது திரும்பி வரும், வி.ஏ.ஓ.வுக்கும் வருவாய் ஆய்வாளருக்கும் நடுவில் ஒரு தாள் எங்கே தொலையும் என்பது உங்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஏனென்றால் அவற்றில் சிலவற்றைத் தொலைத்தவரே நீங்கள்.

மலையில் முதியோர் உதவித்தொகை மனுக்கள் எழுத ஆள் தேவை. மலையாளி இனச் சான்று கேட்டு அலைகிற மாணவர்கள் இருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் உழுத நிலத்துக்கு உரிமை கேட்க வேண்டுமானால், உழுது வந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். எழுதப்படாத வேலையை எழுதிக் காட்டுவதுதான் அந்தப் படிவத்தின் சாரமே. இதற்கென்றே அரசு உங்களுக்கு முப்பத்தைந்து வருடம் சம்பளம் கொடுத்துப் பயிற்சி அளித்திருக்கிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள். போய் வாசலில் உட்காருங்கள். மேசை வேண்டாம், பேனா போதும்.

வீட்டிலும் இதே வேலை உண்டு. படி 4இல் வாங்கிய குயர் நோட்டில் குறிப்பாணைப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, உங்கள் மனைவி ஒரு நாளில் செய்யும் வேலைகளை நேரத்தோடு எழுதுங்கள். எழுதி முடித்ததும் அவற்றில் எவை உங்கள் கைக்கு மாறலாம் என்று அவரிடம் கேளுங்கள். நீங்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம், டீயை மட்டும் தேர்ந்தெடுப்பீர்கள்.

வழக்கமாக வரும் ஐயங்கள்

மனுவின் அடியில் 'எழுதியவர்: தலைமையாசிரியர் (ஓய்வு)' என்று போட்டுக்கொள்ளலாமா?
கூடாது. போட்டால் படி 2க்குத் திரும்பிப் போய் அங்கிருந்து மறுபடி ஒவ்வொன்றாக ஏறி வரவும்.

மனு எழுதுவோர் சங்கம் ஒன்று தொடங்கினால் என்ன?
தலைவர் யார் என்பதில் பிரச்சினை வந்து இரண்டாகும். பிறகு ஒருங்கிணைப்புக் குழு வேண்டியிருக்கும்.

இது மறுபடி வேலைதானே? ஓய்வு எங்கே?
வேலை இல்லாமல் ஒரு வருடம் இருந்து பார்த்தீர்கள். அதில் ஓய்வாக இருந்தவர் யார் என்று வீட்டில் கேளுங்கள். எழுத மனமில்லாத நாளில் எழுதாமல் இருக்கலாம், அதற்கு விடுப்பு விண்ணப்பம் வேண்டாம். ஓய்வு என்பதற்கு இவ்வளவு போதும்.

முடியாமல் போய்விட்டால்?
அந்த வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு அதைவிடச் சின்னதாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். படிவம் நிரப்ப முடியாதவர் படிவம் வாங்கிவரலாம். அதுவும் முடியாதவர் வரிசையில் நிற்பவர்களோடு பேசிக்கொண்டிருக்கலாம்.

ஓய்வூதியர் சங்கத்தை விட்டு விலக வேண்டுமா?
வேண்டாம். டிசம்பர் 17இல் ஓய்வூதியர் தினக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். 1982இல் அதே தேதியில்தான் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஓய்வூதியம் கருணையால் போடுகிற பிச்சை அல்ல, செய்த உழைப்புக்கு வரவேண்டிய உரிமை. கூட்டத்தில் எல்லாரும் இதைச் சொல்லிக் கைதட்டுவார்கள். தட்டி முடித்ததும் நீங்கள் எழுந்து, அப்படியானால் மலைப் பெரியவர் அறுபது வருடத்துக்கு மேல் செய்தது உழைப்பில் சேருமா, ஆலைத் தொழிலாளிக்கு 1,000 ரூபாய் எந்த உரிமையில் சேரும் என்று கேளுங்கள். அடுத்த ஆண்டு பேசக் கூப்பிடமாட்டார்கள். போனால் போகட்டும், சால்வை ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

மனு எழுதுவதற்குச் சம்பளம் ஏதாவது உண்டா?
உண்டு. மாதாமாதம் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கிறது. வேலையைத்தான் இன்னும் தொடங்கவில்லை.